எத்தனையாவது நாள்?

புத்தூர்க்காரன் என்று சொன்னால் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் அடுத்து வரும் கேள்வி ஒன்றுதான்: "கட்டுப் போடுற புத்தூரா?" ஆமாம், ஆந்திராவில் இருக்கிற அதே புத்தூர்தான். கை கால் முறிந்தவர்கள் சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் இன்றும் வண்டி பிடித்து வருகிற ஊர். நான் அந்தத் தொழிலின் பக்கம் போனதில்லை. அரக்கோணம் – ரேணிகுண்டா பாதையில் ரயிலேறி, திருப்பதிக்குப் போய் வைராலஜி படித்தவன். சில காலம் நோயறி ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டு, இப்போது முதுகலை மாணவர்களுக்கு மனித வைரஸ் நோய்கள் பற்றிய தாளை நடத்துகிறேன்.

முறிந்த எலும்பு கைக்குத் தட்டுப்படும். வைரஸ் எதற்கும் தட்டுப்படாது. பாக்டீரியாவைக்கூடச் சாயம் ஏற்றிச் சாதாரண நுண்ணோக்கியில் காட்டிவிடலாம். டெங்கு வைரஸின் குறுக்களவு சுமார் 50 நானோமீட்டர். எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லாமல் அதன் உருவத்தைப் பார்க்க வழியில்லை. எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் தாம் படிக்கும் பொருளை ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காமலே பட்டம் வாங்குகிறார்கள். அது விட்டுச்சென்ற தடங்களை மட்டும் பார்த்துப் படிக்கிற படிப்பு இது. தடமோ நாளுக்கு நாள் மாறும். அதனால் முதல் வகுப்பிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவேன்: வைரஸின் பெயரைக் கேட்பதற்கு முன், காய்ச்சல் எத்தனையாவது நாள் என்று கேளுங்கள்.

திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954-ல் தொடங்கியது. நுண்ணுயிரியலுக்குள் ஒரு தாளாக அடக்கிவிடாமல், வைராலஜிக்கென்று தனித் துறை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் நம் நாட்டில் மிகச் சில. அவற்றில் அதுவும் ஒன்று. வேர்க்கடலையும் எலுமிச்சையும் தக்காளியும் விளைகிற சீமை ஆதலால், இங்கே வைரஸ் ஆராய்ச்சி என்றால் வெகுகாலம் பயிர் நோய்தான் முன்னால் நின்றது. அதற்குத் தக்க காரணமும் இருந்தது. 2000-ஆம் ஆண்டு பக்கத்து அனந்தபூர் மாவட்டத்தில் சுமார் 2,25,000 ஹெக்டேர் வேர்க்கடலை தண்டு கருகிப் போயிற்று. இழப்பு 300 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்கிட்டார்கள். காரணம் புகையிலைக் கீற்று வைரஸ். வரப்போரம் மண்டிய பார்த்தீனியச் செடியின் மகரந்தத்தில் அது இருந்தது. மகரந்தத்தைச் சுமந்துபோன இலைப்பேன்கள் கடலைச் செடியில் அதை ஏற்றிவிட்டன.

பயிர் வைரஸ் படித்துவிட்டு மனித வைரஸுக்கு வரும் மாணவர்களுக்கு ஒரு தடுமாற்றம் வரும். செடிக்கு ஆன்டிபாடி, அதாவது நோயை எதிர்க்க ரத்தத்தில் உருவாகும் புரதம், கிடையாது. இலையை அரைத்துச் சோதித்தால் வைரஸ் இருக்கிறது, அல்லது இல்லை. மனித உடம்பு அப்படிச் சும்மா இருப்பதில்லை. வந்ததை எதிர்த்து அது ஏதாவது செய்துகொண்டே இருக்கிறது. செய்ததை நினைவிலும் வைத்துக்கொள்கிறது. பல நேரம் நாம் தேடுவது வைரஸை அல்ல, அதற்கு உடம்பு கொடுத்த பதிலை. அந்தப் பதில் எப்போது தொடங்கும், எப்போது உச்சத்துக்குப் போகும், எவ்வளவு காலம் நிற்கும் என்பதெல்லாம் நாள் கணக்கு.

டெங்குவை எடுத்துக்கொள்வோம். கடித்த கொசு வைரஸை உடம்பில் இறக்கி 4 முதல் 10 நாளில் காய்ச்சல் வரும். காய்ச்சல் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே வைரஸ் ரத்தத்தில் ஓடத் தொடங்கிவிடும். ஐந்தாம் நாள் வாக்கில் வெகுவாகக் குறைந்துவிடும். என்எஸ்1 என்ற வைரஸ் புரதத்தை அந்த முதல் நாட்களில் பிடித்தால்தான் உண்டு. ஐஜிஎம் என்ற ஆன்டிபாடி வகை நாலாம், ஐந்தாம் நாளில் தலைகாட்டி, இரண்டு வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு மூன்று மாதம் தங்கும். அதனால்தான் ஐந்து நாள் வரை என்எஸ்1 தேடும் எலைசா சோதனை, அதற்குப் பிறகு ஐஜிஎம் தேடும் எலைசா என்று அரசு விதி வைத்திருக்கிறது. இரண்டாம் நாளில் ஐஜிஎம் பார்த்தாலும் 'இல்லை' என்றுதான் வரும். பத்தாம் நாளில் என்எஸ்1 பார்த்தாலும் அநேகமாக அப்படியே. ஆள் ஒருவர், நோய் ஒன்று, சோதனையிலும் பிழையில்லை. நாள் தப்பினால் மூன்றும் சேர்ந்து பொய் சொல்லும்.

வைத்தியத்துக்கும் இதே கணக்குத்தான். டெங்குவில் ஆபத்து காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. அது இறங்கும்போது வருகிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், உடம்பு குளிர்ந்து 'பிள்ளை தேறிடுச்சு' என்று வீட்டார் மூச்சு விடுகிற நேரத்தில், ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம்தான். அதைக் கடத்திவிட்டால் பிள்ளை பிழைத்தது. பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு அலைகிறவர்களிடம் நாங்கள் சொல்வது: எண்ணிக்கையோடு நாளையும் சேர்த்துப் பாருங்கள்.

நாள் கேட்பது சுலபமான வேலை என்று தோன்றும். விண்ணப்பப் படிவத்தில் 'காய்ச்சல் தொடங்கிய தேதி' என்று ஒரு கட்டம் உண்டு. வந்து சேரும் படிவங்களில் பெரும்பாலும் அது காலியாகவே இருக்கும். நோயாளியிடம் நேரே கேட்டாலும் தேதி வராது. எங்கள் பக்கத்துப் பாட்டி ஒருத்தியிடம், பேரனுக்கு எப்போது காய்ச்சல் கண்டது என்று கேட்டேன். "அது எப்படி நைனா சொல்றது? மூணு நாலு நாளா இருக்கும்" என்றாள். மூன்றா நாலா என்பதுதான் எனக்கு வேண்டியது. "ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போனீங்களா?" என்று கேட்டேன். "போகாம? காவடி எடுத்தானே இவன். மலை இறங்கி வந்த மறுநாள் நல்லாத்தான் இருந்தான். அதுக்கு மறுநாள் காலையில பல்லு வெளக்கும்போதே நடுங்குனான்." கிருத்திகை என்றைக்கு என்பது நாட்காட்டியில் இருக்கிறது. கணக்கு முடிந்தது. சம்பள நாள், பள்ளிக்கூடப் பரீட்சை, கல்யாணம், கங்கம்மா ஜாத்திரை என்று மக்களுடைய நாட்காட்டி வேறு. அதை ஆஸ்பத்திரித் தேதியாக மாற்றத் தெரிவதும் வைராலஜிதான். எந்தப் பாடப்புத்தகத்திலும் அந்த அத்தியாயம் இருக்காது.

மாதிரி ஆய்வகத்துக்கு வந்த பிறகு நடப்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். டெங்கு, சிக்குன்குன்யா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மூன்றுக்கும் புனே தேசிய வைராலஜி நிறுவனம் தயாரித்து அனுப்பும் ஐஜிஎம் எலைசா கிட்தான் அரசு ஆய்வகங்களில் புழங்குவது. 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு. குழியின் அடியில், மனித ஐஜிஎம்மைப் பிடித்து வைக்கும் ஆன்டிபாடியை ஏற்கெனவே பூசியிருப்பார்கள். ரத்தத்தின் தெளிநீரான சீரத்தை நூறில் ஒரு பங்காக நீர்க்கச் செய்து விடுகிறோம். 37 டிகிரியில் வைக்கிறோம். கழுவுகிறோம். வைரஸ் ஆன்டிஜென் சேர்க்கிறோம். மறுபடி கழுவுகிறோம். பிறகு அடையாள ஆன்டிபாடி, என்சைம், கடைசியில் நிறம் தரும் திரவம். நோய் கண்ட குழி மெல்ல நீலமாகும். அமிலம் விட்டவுடன் பளிச்சென்று மஞ்சளாக மாறும். அந்த மஞ்சளை 450 நானோமீட்டரில் கருவி அளந்து எண்ணாகத் தரும்.

புதிதாக வரும் மாணவர்களின் கண் மஞ்சள் குழியிலேயே நிற்கும். நான் அவர்கள் கையைப் பிடித்துத் தட்டின் மூலைக்குக் கொண்டுபோவேன். அங்கேதான் கண்ட்ரோல் குழிகள் இருக்கின்றன: நிச்சயம் நோய் உள்ளது ஒன்று, நிச்சயம் இல்லாதது ஒன்று. இல்லாதது மஞ்சளானாலும், உள்ளது வெளுத்துப் போனாலும், மற்றக் குழிகள் என்ன சொன்னாலும் அன்றைய தட்டு குப்பைக்குத்தான். பெரும்பாலான கோளாறு கழுவுவதில் வரும். தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்தால் கழுவியதாகாது. குழி நிரம்ப விட்டு, சற்று நிறுத்தி, கவிழ்த்து, டிஷ்யூ மேல் ஓங்கித் தட்ட வேண்டும். அந்தத் தட்டும் சத்தத்தைக் கேட்டே யார் ஒழுங்காகச் செய்கிறார்கள் என்று பக்கத்து அறையிலிருந்து சொல்லிவிடலாம்.

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இந்தத் துறையின் பெரிய பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. சித்தூரைத் தாண்டினால் வேலூர். இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மனிதர்களிடம் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955-ல், வேலூர் வட்டாரத்துக் குழந்தைகளிடம். புனேயில் 1952-ல் தொடங்கிய வைரஸ் ஆராய்ச்சி மையமும், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து அந்த வேலையைச் செய்தன. அந்த மையம்தான் 1978-ல் தேசிய வைராலஜி நிறுவனம் ஆயிற்று. வேலூரில் பிடித்த கொசுக்களில் டெங்குவின் 1, 4 ஆகிய இரு வகைகளும் இருப்பதை கேரி, மையர்ஸ், ரூபன் மூவரும் 1964-ல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். எங்கள் வயல்வெளிகள் உலக வைராலஜியில் ஏறியது அப்படித்தான்.

மூளைக்காய்ச்சலில் நாள் கணக்கு இன்னும் கொடுமையானது. நெல் வயலில் வளரும் கியூலெக்ஸ் கொசு, கொக்கு நாரையிலிருந்தும் பன்றியிலிருந்தும் வைரஸை எடுத்துப் பிள்ளைக்குக் கொடுக்கிறது. தொற்று ஏற்படும் சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் கடும் நோய் வரும். அந்த ஒரு பிள்ளை வலிப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது, ரத்தத்தில் வைரஸ் அநேகமாகத் தீர்ந்துபோயிருக்கும். வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் போட்டால் ஒன்றும் கிடைக்காது. அதனால் முதுகுத் தண்டு நீரை எடுத்து அதில் ஐஜிஎம் தேடுகிறோம். அங்கேயும் ஒரு சிக்கல்: டெங்குவும் மூளைக்காய்ச்சலும் ஒரே குடும்பத்து வைரஸ்கள். ஒன்றுக்கு எழுந்த ஆன்டிபாடி மற்றொன்றின் தட்டிலும் ஒட்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்து, எது ஓங்கி நிற்கிறது என்று பார்க்காமல் பெயர் சொல்லக் கூடாது.

வைரஸை உயிரோடு பிரித்தெடுக்க அந்தக் காலத்தில் பால்குடி எலிக்குஞ்சுகள்தான் கதி. பிறகு செல் வளர்ப்பு வந்தது. இன்றைக்கு உலகம் முழுவதும் டெங்குவையும் சிக்குன்குன்யாவையும் வளர்க்கப் பயன்படும் சி6/36 என்ற கொசுச் செல் எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் கேட்பேன். ஜப்பான், அமெரிக்கா என்பார்கள். அதன் மூலம் புனேயில் இருக்கிறது. கே.ஆர்.பி. சிங் 1967-ல் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசுவின் புழுக்களிலிருந்து வளர்த்தெடுத்த செல் வரிசையிலிருந்துதான் இகராஷி என்ற ஆய்வாளர் 1978-ல் அந்தக் கிளையைப் பிரித்தார். மாணவர் முகத்தில் அப்போது வருகிற வெளிச்சத்துக்காகவே அந்தக் கேள்வியை ஆண்டுதோறும் விடாமல் கேட்கிறேன்.

ஆண்டுக்கணக்கில் அறிகுறியே காட்டாத நோயில் நாளை எப்படி எண்ணுவது? 1986-ல் சென்னையில் எழுந்த கேள்வி அது. சென்னை மருத்துவக் கல்லூரியில் முதுகலை படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவிடம், அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன், எச்ஐவி இந்தியாவில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொன்னார். பாலியல் தொழிலிலிருந்து பிடித்து வந்து காப்பகத்தில் வைத்திருந்த பெண்களிடம் நிர்மலா ரத்தம் சேகரித்தார். மாதிரிகளைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்திருந்தார். சென்னையில் அப்போது சோதிக்க வசதியில்லை. கணவரோடு காட்பாடிக்கு ரயிலேறி, வேலூரில் டி. ஜேக்கப் ஜான் நடத்திய வைராலஜி ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். எலைசா தட்டில் 6 குழிகள் மஞ்சளாயின. மறுபடி மாதிரி எடுத்துச் சோதித்து, அமெரிக்காவுக்கும் அனுப்பி உறுதி செய்தார்கள்.

அந்தப் பெண்களில் யாரும் நோயாளியாக ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தவர்கள் இல்லை. எச்ஐவி நுழைந்து எய்ட்ஸ் ஆவதற்கு மருந்தில்லாத காலத்தில் சராசரியாகப் பத்தாண்டு பிடித்தது. நோயாளி வரட்டும் என்று காத்திருந்தால் பத்தாண்டு தாமதம். யாருக்கும் ஒன்றும் இல்லாத நாளில் தேடப் போனதுதான் நிர்மலா செய்த வேலையின் பெருமை. ஒரு மாணவி, ஒரு ஆய்வேடு, ஒரு ரயில் பயணம். ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கேட்டு வருகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

வெறிநாய்க்கடியில் கணக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. மற்ற நோய்களில் நடந்து முடிந்த நாட்களை எண்ணுகிறோம். இதில் மிச்சமிருக்கும் நாட்களை. கடிவாயில் இறங்கிய வைரஸ் நரம்பைப் பிடித்து மூளையை நோக்கி ஊர்ந்து போகிறது. நோய் தெரிய பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். ஒரு வாரத்திலும் வரலாம், ஒரு வருடம் கழித்தும் வரலாம். அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. அந்த இடைவெளி இருப்பதால்தான், கடித்த பிறகு போடும் தடுப்பூசி வேலை செய்கிறது. உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவச் சொல்வதற்கும் காரணம் உண்டு: இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும்.

ஊசி அட்டவணையில் 0, 3, 7, 14, 28 என்று இருக்கும். அந்த 0 கடித்த நாள் அல்ல, முதல் ஊசி போட்ட நாள். மாணவர்கள் இதில்தான் அதிகம் தவறுவார்கள். கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வதன் நியாயத்தை அவர்களே சொல்லும்வரை விடமாட்டேன். நாய்க்கு நோய் தெரிவதற்குச் சில நாள் முன்புதான் எச்சிலில் வைரஸ் வரும். வந்தபின் நாய் அதிக நாள் உயிரோடிருக்காது. ஆக, பத்து நாள் கழித்தும் நாய் நன்றாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இருந்திருக்க முடியாது. அதற்காக ஊசியைத் தள்ளிப்போடவும் கூடாது. இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று பெரியவர்கள் இன்றும் பயப்படுவார்கள். அது ஆட்டு மூளையில் செய்த பழைய செம்பிள் தடுப்பூசி. 2004-ஆம் ஆண்டோடு இந்தியா அதைக் கைவிட்டது.

நாள் எண்ணுவது பல்கலைக்கழகம் கண்டுபிடித்த வித்தையும் அல்ல. வீட்டில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகி, வெளியாரை உள்ளே விடாமல், முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர் என்று ஒற்றைப்படை நாளாகப் பார்த்து ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீர் ஆகும்வரை பிள்ளை தெருவில் இறங்காது. சின்னம்மைக் கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும்வரைதான் தொற்றும் என்கிறது எங்கள் பாடம். அது ஏறக்குறைய ஒரு வாரம். பாட்டிமார் கணக்கு அதை மூடிவிடுகிறது. அவர்களுக்குக் கைக்கெட்டாத பகுதி முன்பக்கம் இருக்கிறது: கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பிள்ளை பள்ளிக்கூடத்தில் பரப்பத் தொடங்கியிருக்கும். பின்பக்கமும் இருக்கிறது. அம்மை இறங்கிய பிறகு அந்த வைரஸ் நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கொண்டு, நாற்பது ஐம்பது ஆண்டு கழித்து அக்கியாக எழும்பும். அக்கி வந்த தாத்தாவிடம் நாங்கள் கேட்க வேண்டியது சின்ன வயதுக் கதையை.

ஒரு தனி உடம்புக்கு உள்ளது போல ஊருக்கும் ஒரு நினைவு உண்டு. சிக்குன்குன்யா 1963-ல் கல்கத்தாவிலும் 1964-ல் சென்னையிலும் வந்தது. 1973-ல் மகாராஷ்டிரத்து பார்சியில் ஒரு சுற்று வந்துவிட்டு, முப்பது ஆண்டுக்கு மேல் ஒளிந்துகொண்டது. 2005 கடைசியில் ஆந்திராவில்தான் மறுபடி தலைகாட்டியது. ராயலசீமா முழுக்க மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். திரும்பி வந்தது பழைய ஆசிய வகை அல்ல, ஆப்பிரிக்க வகை. முப்பது ஆண்டில் பிறந்த யாருக்கும் அதற்கு ஆன்டிபாடி இல்லை. வெள்ளம் வடிந்த ஏரியில் வீடு கட்டுவது போலத்தான் நோய் மறந்த ஊரில் வாழ்வதும்.

கோவிட் காலத்தில் எல்லோரும் கொஞ்சம் வைராலஜி படித்துவிட்டார்கள். 2020 மார்ச்சில் ஆந்திராவில் முதலில் சோதனை தொடங்கிய சில ஆய்வகங்களில் திருப்பதி ஸ்விம்ஸ் மருத்துவமனையின் ஆய்வகமும் ஒன்று. ஆர்டி-பிசிஆரில் வைரஸ் தென்பட எத்தனை சுற்று ஆயிற்று என்று காட்டும் சிடி எண்ணைத் தெருவில் மதிப்பெண் போலப் பேசினார்கள். எண் 3.3 குறைந்தால் வைரஸ் ஏறக்குறைய பத்து மடங்கு என்பது சரி. ஆனால் முதல் நாளின் 30-ம் பதினைந்தாம் நாளின் 30-ம் ஒன்றல்ல. முதலாவது ஏறுகிற வைரஸ். இரண்டாவது பெரும்பாலும் செத்த வைரஸின் துணுக்குகள். ஒருவரைத் தனியே வைப்பதா, வேலைக்கு அனுப்புவதா என்று எண் மட்டும் சொல்லாது.

பரீட்சையில் எப்போதும் ஒரு கேள்வி வைப்பேன். ஒன்பது வயதுப் பிள்ளை, காய்ச்சல், தலைவலி, உடம்பில் தடிப்பு, சீரம் வந்திருக்கிறது, தேதிக் கட்டம் காலி. என்ன சோதனை செய்வீர்கள்? பிசிஆர், எலைசா, வைரஸ் வளர்ப்பு என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். மாதிரி அனுப்பிய மருத்துவமனைக்கு ஃபோன் போட்டு நாளைக் கேட்பேன் என்று ஒரே வரி எழுதியவருக்கு முழு மதிப்பெண்.

இங்கே படித்தவர்கள் ஹைதராபாத் தடுப்பூசி நிறுவனங்களுக்கும், ரத்த வங்கிகளுக்கும், மருத்துவக் கல்லூரி ஆய்வகங்களுக்கும் போகிறார்கள். போகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு: அறிக்கையில் 'நெகட்டிவ்' என்ற சொல்லைத் துணையில்லாமல் விடாதீர்கள். 'காய்ச்சலின் இரண்டாம் நாளில் எடுத்த இந்தச் சீரத்தில் ஐஜிஎம் கண்டறியப்படவில்லை. மறு மாதிரி அனுப்பவும்' என்று எழுதுங்கள். ஒரு வரி கூடுதல், அவ்வளவுதான். அந்த வரி இல்லாமல் போனால் மருத்துவர் டெங்கு இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்.

மறு மாதிரி கேட்பது எளிது, வாங்குவது கடினம். நோய் தொடங்கியபோது ஒன்று, பத்துப் பதினாலு நாள் கழித்து ஒன்று; இரண்டாவதில் ஆன்டிபாடி நான்கு மடங்கு ஏறியிருந்தால் அந்த வைரஸ்தான் என்று அடித்துச் சொல்லலாம். எத்தனையோ நவீனச் சோதனைகள் வந்த பிறகும் இந்தப் பழைய முறைக்கு மரியாதை குறையவில்லை. ஆனால் பதினாலாம் நாளில் பிள்ளை விளையாடப் போயிருக்கும். நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதற்கு மறுபடி ஊசி குத்தணும் என்று தாய் கேட்பாள். அவளுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை; அடுத்த தெருப் பிள்ளைக்குத்தான் லாபம். ஊரில் என்ன நோய் நடமாடுகிறது என்று தெரிந்தால்தான் மருந்தடிக்கிற ஆளும் ஆஸ்பத்திரிக் கட்டிலும் சரியான தெருவுக்குப் போகும். அதை அவள் மொழியில், தமிழோ தெலுங்கோ, அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எடுத்துச் சொல்லி, சம்மதம் வாங்கி, இரண்டாம் குழாயில் தேதி எழுதிக் கொண்டுவருகிற மாணவரை நான் இனிமேல் மாணவர் என்று சொல்வதில்லை.